இறக்கியாச்சு

முத்தையா அண்ணன் போன் செய்தபோது நான் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். எங்கள் பழைய மெல்லிசைக் குழுவில் அவர் தபலா வாசித்தவர். பொங்கலுக்குப் பொங்கல் பேசுவார். பொங்கல் இல்லாத நாளில் அவர் பெயரைப் பார்த்ததும் கை அரிசியிலேயே நின்றுவிட்டது.

"கோமு, ஜெபமணி அண்ணாச்சி தவறிட்டாவ. காலைல காப்பி குடிச்சிட்டு சேர்ல சாஞ்சாவ. அம்புட்டுதான்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அரிசியை அப்படியே வைத்துவிட்டுத் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். கோவில்பட்டியில் மாறி உட்கார்ந்தபோதுதான் பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏம்மா அழுதீய?" என்று கேட்டார்கள்.

சங்கரன்கோவில் பக்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ பாட்டுக் கச்சேரி கேட்டவர்களுக்கு ஜெபமணி அண்ணாச்சியைத் தெரியாமல் இருக்காது. மேடையின் இடது ஓரத்தில், வெள்ளை அரைக்கைச் சட்டையோடு, ஜனங்களைப் பார்க்காமல் பாடுகிறவரையே பார்த்துக்கொண்டு வாசிப்பாரே, அவர்தான். பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை. யாராவது கொஞ்சம் பெரிய பேச்சாகப் பேசினால், "மைக்க கொஞ்சம் தள்ளி வையும் வே" என்பார். அவரோடு பழகிய எல்லோரும் ஒருமுறையாவது அதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அதிகம் வாங்கியவள் நான்.

வாங்காமல் எப்படி இருப்பேன்? ஆர்மோனியத்தின் ஆறாம் கட்டையைச் சுருதியாக வைத்துப் பாடுவதால் எனக்குப் பேரே ஆறு கட்டை கோமதி. மற்ற குழுக்களில் பாடுகிற பெண்கள் சினிமாப் பாட்டை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடுவார்கள். நான் ரெக்கார்டில் இருக்கிற அதே சுருதியில் பாடுவேன். நோட்டீஸிலேயே அப்படித்தான் போடுவார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட, இந்தப் பெண்ணா அந்த ஆறு கட்டை என்றுதான் கேட்டாராம். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆரம்பத்தில் அண்ணாச்சி வாசித்தது ஆர்மோனியம். எண்பதுகளில்தான் துபாயில் இருந்த மைத்துனர் ஒரு சின்ன கீபோர்டைக் கைலிகளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவு கனம்தான். புல்லாங்குழல், வயலின், மணியோசை என்று என்னென்னவோ வரும். சுருதியை ஏற்ற இறக்க ஒரு பொத்தான்கூட இருந்தது. ஆர்மோனியத்தைப் பெட்டி என்று சொல்லிப் பழகிய ஊர் இதற்குக் கரண்டு பெட்டி என்று பேர் வைத்தது. ஆனால் அது ஓடியது டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டையில். மத்தியானம் கரண்டு போய்த் தெருவில் தறிச்சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனால், கடைக்குள்ளிருந்து கரண்டு பெட்டிச் சத்தம் மட்டும் கேட்கும்.

பெட்டி வந்த அன்று குழுவே கடையில் கூடியது. அதில் கட்டைகள் சின்னச் சின்னதாக நெருங்கி இருந்தன. பாடத் தொடங்குமுன் அண்ணாச்சியின் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம். அந்த விரல் ஆறாம் கட்டையில் நின்றால்தான் எனக்குத் தைரியம் வரும். இதில் எது ஆறு என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கட்டையின் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். அண்ணாச்சியின் மனைவி ரோஸம்மாள் மதினி விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். வேதக்காரர் வீட்டுப் பெட்டிக்குப் பொட்டு வைத்த முதல் ஆள் நான்தான் என்றார்கள். அண்ணாச்சி அதை எடுக்கவில்லை.

ஒரு வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து, உடம்பு தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரியில் போய் நின்றேன். தெரு கொள்ளாத கூட்டம். முதல் பாட்டின் உச்சத்தில் குரல் உடைந்தது. சமாளித்து மறுபடி எடுத்தேன், மறுபடியும் உடைந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவன், "ஆறு கட்டையில ரெண்டு கட்டை ஒடிஞ்சி போச்சுடோய்" என்று கத்தினான். சுற்றிலும் சிரித்தார்கள். நான் மைக்கை வைத்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதோடு பாட்டு முடிந்தது என்று முடிவு செய்தேன். குழுத் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து சொல்லிப் பார்த்தார். சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அது என்னை அடித்ததுபோல் இருந்தது. இறக்கிப் பாடுவதற்குப் பதில் வாயைத் தைத்துக்கொள்வேன் என்று சொன்னேன். சொன்னபடி இருந்தேன். பிள்ளையைத் தாலாட்டக்கூட வாய் திறக்கவில்லை. உள்ளே என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஜெபமணி அண்ணாச்சி கரண்டு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடவே முத்தையா அண்ணன். தறிகள் நின்று தெருவே அமைதியாக இருந்தது. "தொண்டைக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி, பயந்தான் ஒனக்கு. ஒரே ஒரு பாட்டு. வரலேன்னா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்றார். பெட்டியை மடியில் வைத்துப் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலைக் கொண்டுபோய்ப் பொட்டுக்கு நேரே வைத்தார். நான் பார்த்தேன். அது ஆறாம் கட்டைதான். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். உடைந்த இடம் வந்தது, குரல் உடையாமல் ஏறியது. பாட்டை முடிக்கமுடியாமல் அழுதேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அதன் பிறகு பல வருஷம் பாடினேன். முன்னைவிட நன்றாகப் பாடினேன் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். அந்த வருஷங்களை நினைத்தால் ஒரு சத்தம்தான் முதலில் காதில் வருகிறது. நான் மேடையில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பு முத்தையா அண்ணன் தபலாச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இறக்கியாச்சா?" என்று கேட்பார். அவர், "இறக்கியாச்சு" என்பார். ஸ்பீக்கர், ஜமுக்காளம், டிரம் எல்லாம் வேனில் வரும். அந்தச் சாமான்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எவ்வளவு பொறுப்பாக விசாரிக்கிறார் என்று முத்தையா அண்ணனை மெச்சிக்கூட இருக்கிறேன்.

இதற்கிடையில் அந்தச் சின்னப் பெட்டிக்கு மவுசு குறைந்துபோனது. தென்காசிக் குழு ஒன்று இரண்டு அடுக்கு ஆர்கனோடு வந்து இறங்கியது. கல்யாண வீட்டார் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மதுரையில் ஒரு கடைக்காரர் பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு அதே மாதிரி பெரிய ஆர்கன் கொடுக்கத் தயாராக இருந்தார். சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். ஜெபமணி அண்ணாச்சி மசியவில்லை.

ஏன் விற்கவில்லை என்பதற்கு அவர் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம், அந்தப் பெரிய ஆர்கனைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், யார் தூக்குவது என்றார். மதினியிடம், உன் தம்பி ஆசையாகக் கொண்டுவந்ததை விற்றால் அவன் மனசு என்ன பாடுபடும் என்றார். விலைக்குக் கேட்டு வந்த திருவேங்கடத்துக்காரரிடம், ஒரு கட்டை சத்தமே வராது என்று கூசாமல் பொய் சொன்னார். நானும் ஒருநாள் கேட்டேன். "நீ பொட்டு வச்ச பெட்டிய எப்படி விக்க?" என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன்.

அதனால் அவருக்கு நஷ்டம்தான். நான் பாடாத கச்சேரிகளுக்குச் சங்கரலிங்கம் அண்ணாச்சி வேறு ஆளை ஆர்கனோடு கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் கடையில் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. "ஒரு ஆளுக்காவ குழுவையே..." என்று தொடங்கியவர், வாசலில் என்னைப் பார்த்ததும் பேச்சை முழுங்கிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சண்டைக்குள் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பிறகு என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. கடைசிக் கச்சேரியைப் பாடிவிட்டுக் கிளம்பினேன். தூத்துக்குடியில் சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் சேதி வந்தது. ஜெபமணி அண்ணாச்சி பெட்டியைப் பனவடலிசத்திரத்துச் சபைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று. அவர்கள் கேட்டார்களாம், இவர் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். பொட்டோடேயே கொடுத்ததாகவும், ஆராதனைக்கு வாசிக்கிற பெட்டியில் இது என்ன என்று அவர்கள் சுரண்டி எடுத்ததாகவும் முத்தையா அண்ணன் சொன்னார்.

எனக்கு மனத்தாங்கலாகிவிட்டது. மதுரைக்காரருக்கும் திருவேங்கடத்துக்காரருக்கும் கொடுக்காத பெட்டியை நான் ஊரைவிட்டுப் போன கையோடு கொடுப்பானேன்? என்னை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாரா என்று நினைத்தேன். பின்னால் பார்க்கும்போதெல்லாம் சிரித்துப் பேசினாலும் அந்த முள் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முத்தையா அண்ணன் என் பக்கத்தில் நின்றார். கடைசியாக அண்ணாச்சியின் முகத்தை மூடியபோதுகூட அவர் கலங்கவில்லை. நான்கு பேர் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் விட்டார்கள். பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்:

"பெட்டிய இறக்கியாச்சா?"

"இறக்கியாச்சு."

முத்தையா அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் விம்மினார். எனக்குப் பயமாகிவிட்டது. வெளியே கூட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வேன்ல இருந்து சாமான் இறக்குனதையா நான் அண்ணாச்சிகிட்ட தெனமும் கேட்டேன்? சுருதிய இறக்கியாச்சான்னு கேட்டேன் கோமு. அவிய இறக்குன பெறகுதான நான் தபலாவச் சுருதி சேக்க முடியும்" என்றார்.

மீதியை அவர் மெதுவாகச் சொன்னார். அன்று மத்தியானம் என் வீட்டில் அண்ணாச்சி தடவிய பொத்தான் அதுதான். அதை அழுத்தினால் விரல் ஆறாம் கட்டையில் இருக்கும், சத்தம் ஐந்தாம் கட்டையில் வரும். ஆர்மோனியத்தில் அது நடக்காது. மதுரை ஆர்கனிலும் அந்தப் பொத்தான் கிடையாது. கிடார்க்காரர், சங்கரலிங்கம் அண்ணாச்சி, எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் இவள் பாட்டை விட்டுவிடுவாள் என்று சொல்லி அத்தனை பேர் வாயையும் ஜெபமணி அண்ணாச்சி கட்டிவைத்திருந்தார். "நீ தூத்துக்குடி போன பெறகு அந்தப் பெட்டி எனக்கு எதுக்குடேன்னு கொடுத்துட்டாவ" என்றார் முத்தையா அண்ணன்.

ஒரு பாட்டுக்காரிக்கு இது காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். எனக்குச் சுருதி தொண்டையில்தான் தெரியும், கண்ணால் அந்த விரலைப் பார்ப்பேன். தொண்டை சுகமாக இருந்தது, விரல் பொட்டில் இருந்தது. வேறு எதை நான் பார்த்திருக்கவேண்டும்?

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரே தெரிந்து வைத்திருந்ததை எனக்கு மட்டும் மறைத்திருக்கிறீர்களே என்று முத்தையா அண்ணனைத் திட்டினேன். ஐந்து கட்டையில் பாடிக்கொண்டு ஆறு கட்டை என்று எத்தனை மேடையில் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். மைக்கைத் தள்ளி வை என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். அந்த முள் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஜெபம் நடந்தது. முடிந்ததும் ரோஸம்மாள் மதினி என்னைப் பாடச் சொன்னார்கள். அண்ணாச்சியின் பேத்தி, கல்லூரியில் படிக்கிறவள், தன் கீபோர்டை எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எந்தச் சுருதி வேண்டும் என்று கேட்டாள். அறை முழுக்கத் தெரிந்த முகங்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மூணு கட்டை போதும்மா" என்றேன்.

ஆறு கட்டை கோமதி மூன்று கட்டை கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த டைபாய்டுக்குப் பிறகு என் வாயால் என் சுருதியைச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அண்ணாச்சி அன்று இறக்கி வாசித்திராவிட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒரு சுருதியே இருந்திருக்காது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பெட்டி இல்லை, அது எங்கே கிடக்கிறதோ தெரியாது. இன்னும் பாடுகிற இந்தத் தொண்டைதான் அவர் கொடுத்தது. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பேத்தி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு விரல்களைக் கட்டைமேல் வைத்தாள். அவள் விரலை நான் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்தையா அண்ணன், கையில் தபலா இல்லாமலே, பழைய வழக்கத்தில் கேட்டார்.

"இறக்கியாச்சா?"

பதில் சொல்ல அண்ணாச்சி இல்லை. நான்தான் சொன்னேன்.

"இறக்கியாச்சு அண்ணே."