மாவுக்குப் போர்த்திய கோதடி

பம்பாயில் குளிர் என்றால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். போன மார்கழிக் கடைசியில் வந்த குளிரில் என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனார். செத்துப் போகவில்லை. அம்பர்நாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

தாராவியில் எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேருக்கு இட்லிதான் தொழில். சாயங்காலம் மாவைக் கரைத்து வைத்தால் விடியுமுன் பொங்கியிருக்கும். அவித்ததை மகன் சைக்கிளில் கட்டி மாட்டுங்காப் பக்கம் கொண்டு போவான். என் கை மாவு பொங்காமல் போனதில்லை. சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குளிர் இறங்கிய முதல் நாள் காலையில் மூடியைத் திறந்தால், கரைத்து வைத்தது வைத்தபடி கிடக்கிறது. அவித்த இட்லி அப்பளம் மாதிரித் தட்டையாக வந்தது. மகன் முக்கால்வாசியைத் திருப்பிக் கொண்டு வந்தான்.

"சோடா போட்டுருவோம் அத்தே. எல்லாரும் போடுதாக," என்றாள் மருமகள்.

"எல்லாரும் போடட்டும். இந்த வீட்டுல போட்டதில்ல."

"அப்ப என்ன செய்ய? போன்ல போட்டுருக்கான், இன்னும் அஞ்சாறு நாளைக்கு இப்படித்தானாம். வரவர ஜாஸ்தியாகுமாம்."

"போனுக்கு என்ன தெரியும்? பம்பாய்க் குளிரு ரெண்டு நாளு நிக்காது. நான் பாக்காத குளிரா."

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்த ஊரில் ஐம்பது வருஷம் மாவு கரைத்தவள். மருமகள் போனைத் தேய்த்துப் பார்த்து எனக்கு வானிலை சொல்வது பிடிக்கவில்லை.

முன்பெல்லாம் குளிர் நாளில் சணல் சாக்கைப் பானையில் சுற்றுவோம். இப்போது அரிசி பிளாஸ்டிக் சாக்கில் வருகிறது. அதில் சூடு நிற்காது. வீட்டில் கனமாக இருந்தது ஒரே ஒரு கோதடி. பழைய சேலைகளை அடுக்கி நானே தைத்தது. அதைத்தான் என் வீட்டுக்காரர் போர்த்துவார். தோல் பட்டறையில் நாற்பது வருஷம் நின்றதில் அவருக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு. அன்று சாயங்காலம் அதை எடுத்து அடுப்போரம் இருந்த பானைக்குச் சுற்றினேன். அவருக்கு என் சேலை இரண்டை மடித்துக் கொடுத்தேன்.

"ஏட்டி, மாவுக்கு இருக்க மரியாத எனக்கு இல்லியா?" என்றார்.

"மாவு பொங்கினாத்தான் நாளைக்கிச் சோறு. நீங்க பொங்கி என்னத்துக்கு?"

அவரும் சிரித்தார். மறுநாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சந்துக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இருமியதை வழக்கமான இருமல் என்றே நினைத்தேன்.

மருமகள் மறுபடியும் போனை நீட்டினாள். "இன்னும் கொறையலியாம் அத்தே. சயான் மார்க்கெட்டுல மாமாவுக்குப் போத்த ஒரு ரஜாய் வாங்கிட்டு வந்துருதேன்."

"நாளைக்கி வெயிலடிக்கும். அப்புறம் அத எங்க வைக்க? மேல மச்சுல எலி கடிக்கவா?"

மறுநாளும் வெயில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் இன்றோடு முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே கோதடியை எடுத்தேன். நாலாம் நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. மகன் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மூன்று நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, குளிர் படாமல் பார்த்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

அம்பர்நாத்திலிருந்து மகள் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, அடுப்போரம் போர்த்தி நின்ற பானையைப் பார்த்தாள்.

"பானைக்குச் சட்டை போட்டுருக்க. அப்பாவ வெறும் ஒடம்பாப் போட்டுருக்க. ஒனக்கு யாரும்மா புருஷன்?"

மருமகள் கீழே குனிந்துகொண்டாள். அவள் எத்தனை முறை சொன்னாள் என்பதை வாயால் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மகள் அவரை ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிப் போய்விட்டாள். வேண்டாம் என்று அவர் சொல்வார் என்று பார்த்தேன். வண்டியில் ஏறிவிட்டார்.

கடுங்குளிர் குறைந்து சில வாரம் ஆகிவிட்டது. மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டா வந்துருவாகம்மா," என்று சொல்லி, போனைப் போட்டு என் கையில் கொடுத்தான்.

"என்ன?" என்றார் அந்தப் பக்கம்.

"அம்பர்நாத்துல இங்கயவிடக் குளிரு ஜாஸ்தின்னு சொன்னாக."

"ஜாஸ்திதான்."

"பின்ன?"

"இங்க கேக்காமலே போத்தி விடுதாக."

மன்னிப்புக் கேட்கிற வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லை. நீங்கள் வாருங்கள் என்பது தொண்டை வரை வந்தது. அதற்குள் மகன் முகத்தைப் பார்த்தேன், மருமகள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மருந்த நேரத்துக்குச் சாப்பிடுங்க," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உளுந்து களையப் போனேன்.