வாய் பழகிய பிறகு கேட்ட ஒலி

எங்கள் காரைக்காலில் பிரான்ஸ் மாப்பிள்ளை புதிதில்லை. எனக்கும் அப்படியே அமைந்தார். அவரிடம் போய்ச் சேர நான் பிரெஞ்சுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது.

தெருவுக்கான பிரெஞ்சுச் சொல்லை 'ரூ' என்பேன். "அது இல்லம்மா, ரூ" என்று அவர் போனில் திருத்துவார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

எரிச்சலில் ஒருநாள் வீடியோ காலில் கேட்டேன். "அதச் சொல்றப்ப உங்க நாக்கு எங்கங்க இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

சொல்லிப் பார்த்துவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். "அட! உதடு ஊ மாதிரி குவியுது. நாக்கு ஈ சொல்ற எடத்துலயே நிக்குது!"

ஈ என்று இழுத்தபடியே உதட்டைக் குவித்தேன். என் வாயில் அதுவரை பிறக்காத ஓர் ஒலி வந்தது.

"இதேதான்!" என்று கத்தினார்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னார். முதன்முறையாக வித்தியாசம் கேட்டது. பெண் பார்க்க வந்த அன்றும் பிரான்சில் தான் இருக்கும் தெருவின் பெயரை, முன்னால் 'ரூ' சேர்த்து, இப்படித்தான் சொல்லியிருப்பார். என் வாய்க்கு வரும்வரை அது என் காதில் விழவே இல்லை.