கழிக்கக் கூடாத முப்பத்திரண்டு

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பயிற்சிப் பொறியாளனாக எனக்கு அது ஐந்தாவது மாதம். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும்.

கில்ன் என்று நாங்கள் சொல்லும் பெரிய சூளையின் வாயில் புதிதாகப் பூசிய தீத்தாங்கும் கலவையை, சிறு தீ வைத்து உலர்த்திக்கொண்டிருந்தோம். உட்பக்கம் அவசரமாகச் சூடேறி வெளிப்பக்கம் பின்தங்கினால், நடுவில் அடைபட்ட நீராவி பூச்சை வெடித்துப் பிய்த்துவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் கூடாது.

சூடு காட்டும் வழக்கமான மீட்டர் பழுது. மாற்றாக வந்தது பாரன்ஹீட் காட்டியது. பூச்சுக்குள் நாலு அங்குல இடைவெளியில் சூட்டை அளக்கும் இரண்டு கம்பிகள். பதினொரு மணிக்கு அவற்றின் வித்தியாசம் 108. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபடி முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தேன். அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கினேன். 4.2 வந்தது.

“இன்னும் இடமிருக்கு சார்.”

“பாத்துப் போட்டியாப்பா?” என்றார் ஷிப்ட் இன்சார்ஜ்.

“பாத்துட்டேன் சார்.”

அவர் தீக்கு விடும் எண்ணெயைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

பதிவேட்டில் விட்டுப்போயிருந்த காலை ஆறு மணி வரிசையை நிரப்ப உட்கார்ந்தேன். அப்போது வித்தியாசம் வெறும் 20. முப்பத்திரண்டைக் கழித்தால் மைனஸ். தீ எரிவது உள்ளே. என் கணக்கோ உட்பக்கம்தான் குளிர்ச்சி என்றது. கணக்கை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு அளவையும் தனியாக மாற்றினால்தான் முப்பத்திரண்டைக் கழிக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தபோதே அது போய்விட்டது. 108 என்றால் அறுபது செல்சியஸ். சென்டிமீட்டருக்கு 5.9.

இருபது நிமிடமாகத் தீ கூடிக்கொண்டிருந்தது.

ஓடினேன். சூளை வாயின் கதவோரம், ஆண்டிமடத்திலிருந்து வந்த இரண்டு கொத்தனார்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன இன்ஜினியரே, வூட்டுல பொண்ணு பாத்துட்டாங்களா? இப்படி ஓடியாறீங்க.”

“அண்ணே, எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க. கணக்கத் தப்பாப் போட்டுட்டேன். வெடிச்சிரும்.”

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். இன்சார்ஜிடம் போனேன்.

“இப்பதான இடமிருக்குன்ன?”

“தப்பு சார். அப்பவே அளவு தாண்டியிருக்கு.”

“இது உறுதியா?”

“உறுதி சார்.”

அவர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். கதவோரம் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, திறந்திருந்த கதவு வழியே கொத்தனார்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் சிதறியது. இரண்டு மணிக்கு வித்தியாசம் 88க்கு இறங்கியது. இந்த முறை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 4.8.

இன்சார்ஜ் ஷிப்ட் நோட்டை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுது. மேல இருக்கறவங்க படிப்பாங்க, தெரியும்ல?”

பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

பெரம்பலூரிலிருந்து அப்பா போன் செய்தபோது காரணத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான்.

“நீ போட்ட கணக்கா? இருக்காதுடா. இன்னொருக்காப் பாக்கச் சொல்லு அவங்கள.”

“பாத்துக் கண்டுபிடிச்சதே நான்தான்பா,” என்றேன்.