உயிரோடு எடுத்த படம்

“குலுங்காம புடிச்சுக்கோ” என்று சைக்கிளை மிதித்தபடியே என் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணமான புதிதில், பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் வெட்கப்பட்டதுண்டு. அவர் சொன்னது என் மடியில் இருந்த படப்பெட்டியை. துறைமுகத்தில் அவரோடு பழகிய ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன காமிரா அது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர்வரை எங்கள் சவாரி. சாலையை எடுப்பார், சாய்த்து வைத்த சைக்கிளை எடுப்பார், சவுக்குத் தோப்பை எடுத்துக்கொண்டே இருப்பார். என்னை மட்டும் எடுக்க மாட்டார். கேட்டால், “மரம் ஆடாம நிக்கும், நீ நிப்பியா?” என்பார். குடியாத்தத்தில் முடக்குவாதத்தோடு படுத்திருந்த என் அம்மா, பெண்ணைப் படத்திலாவது பார்க்கவேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் போடலாம் போலிருக்கும்.

அன்று காத்திவாக்கம் தோப்பில் வெயில் சல்லடையாக இறங்கியிருந்தது. அதற்கென்றே பிலிம் ரோலில் கடைசி ஒரு படத்தை மிச்சம் வைத்திருந்தார். மர நிழலில் வலைமேல் ஒரு மீனவப் பெரியவர் வேட்டியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். பக்கத்தில் அவர் மகள் வலை பின்னிக்கொண்டிருந்தாள். மரத்தோடு ஆளும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. தூக்கம் கலையக்கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, “பெரியவர எடுத்துடலாமா?” என்று அவளிடம் கேட்டார்.

அந்தக் குப்பத்தில் படப்பெட்டியோடு ஆள் வந்தால் அது சாவு வீட்டுக்குத்தான். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, தூக்குவதற்குமுன் ஒரு படம் பிடிப்பார்கள். உயிரோடு இருப்பவரை எடுத்தால் உயிர் போய்விடும் என்று பயம். அவள் பெட்டியைப் பார்த்தாள், போர்த்திக் கிடந்த அப்பனைப் பார்த்தாள். “ஐயோ நைனா!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். குடிசைகளிலிருந்து பெண்கள் தலைவிரிகோலமாக ஓடிவந்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். பெரியவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“யாருடி பூட்டது?”

“நீதான் நைனா!”

விஷயம் விளங்கியதும் அவர் துடுப்பைக் கையில் எடுத்தார். “உசுரோட கீறவன எடுக்க வந்துகீறியா? மொதல்ல உன் பொஞ்சாதிய எடு. அதுக்கு இன்னா ஆவுதுனு பாத்துக்கினு அப்பால பேசலாம்.”

என் வீட்டுக்காரர் துடுப்பைப் பார்த்தார், தோப்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அந்த நிலையிலும் யோசித்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “மரத்தப் பாக்கணும்னு எந்த அம்மாவும் ஏங்கிக்கிட்டு கெடக்கல. எடுங்க!” என்று கத்தினேன். நான் அவரிடம் முதல்முதலாகக் குரல் உயர்த்தியது அன்றுதான். பெட்டியை என் பக்கம் திருப்பினார். அவர் பெட்டியைச் சொடுக்கிய அதே நேரத்தில் அந்த மகள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். நான் அலறியதும், “உசுரு கீது நைனா!” என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். சுற்றிலும் குப்பமே நான் செத்தேனா பிழைத்தேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிரதியை அம்மாவுக்கு அனுப்பினோம். “கத்துறா பாரு, எம்பொண்ணேதான்” என்று சொல்லி அவள் அதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டாளாம். இன்னொன்றை இவர் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். யார் வந்து கேட்டாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “உசுரோட இருந்தப்ப எடுத்தது” என்பார். காப்பியோடு வரும் என்னைப் பார்த்து வந்தவர்கள் வெலவெலத்துப் போவார்கள். அந்தக் கூத்து அவருக்குக் கடைசிவரை சலிக்கவில்லை.

பெட்டி எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால், அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மாலை போடுவதற்குக்கூட இல்லை. இப்போதும் வருகிறவர்கள் சுவரைப் பார்த்து இது எப்போது எடுத்தது என்று கேட்கிறார்கள். நான்தான் பதில் சொல்கிறேன். “அவர் உசுரோட இருந்தப்ப எடுத்தது.”