பாவாயி அக்கா நம்பாத தரைகள்

சூரமங்கலம் ஆபீசில் நம்மோடு வேலை பார்த்த பாவாயி அக்கா தவறிப்போய்விட்டார் என்று போன வாரம் பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னார்கள். "யார் சொன்னது? கண்ணால பார்த்தாங்களா?" என்றுதான் கேட்டேன். அது அக்காவின் கேள்வி. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

கேண்டீன் டீயை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டார். ஸ்வீட் கொடுத்தால், "என்னத்துக்குங்க திடீர்னு?" என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கை சாந்திக்கு ஓமலூரில் ஒரு வரன் வந்தது. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவும் நானும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவாவது அமைய வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் புத்தம்புது மொசைக் தரை, முகம் தெரிகிற பாலிஷ். அப்பா வாயைப் பிளந்துவிட்டார். அக்கா என் காதில், "நம்மளுக்காகவே போட்டிருக்கறாங்க. எதை மறைக்கறாங்கன்னு பாக்கோணும்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். தண்ணீர்ச் சொம்பை மாப்பிள்ளைதான் கொண்டுவந்தார். வீட்டம்மா எழுந்து தண்ணீர் கொடுக்காதது எங்கள் ஊரில் சின்ன விஷயமா? அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு திமிர் பிடித்த வீட்டில் சாந்தி எப்படி வாழ்வாள் என்று எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"கை கழுவோணுங்க" என்று அக்கா எழுந்து நேராகப் பின்கட்டுக்குப் போனார். நானும் போனேன், தண்ணீர் ஊற்ற மாப்பிள்ளையும் வந்தார். அங்கே சொரசொரப்பான சிமெண்ட் தரை, கோடு கோடாகக் கீறியிருந்தது. அதுவும் புதுசுதான்.

"ஏனுங்க தம்பி, இங்க மட்டும் எதுக்கு இப்படி?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "அம்மாவுக்கு ஒரு காலு வராதுங்க. வழவழன்னு இருந்தா உழுந்துருவாங்க. நாந்தான் இப்படிப் போடச் சொன்னேன். கால் விஷயம் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு, அம்மாவ எந்திரிக்கவே வேண்டாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா அப்பாவிடம், "முன்னால இருக்கற தரைய நம்பாதீங்கண்ணா. பின்னால போட்டிருக்கறான் பாருங்க, அதை நம்பிக் குடுங்க" என்றார். சாந்தி இன்றும் ஓமலூரில் நன்றாக இருக்கிறாள்.

அக்கா கடைசிவரை நம்பாதது தன் மருமகளைத்தான். ரிட்டயராகி மல்லசமுத்திரம் போன பிறகு ஒருமுறை பார்க்கப் போனேன். "நல்ல மொசைக்க ஆள் உட்டுக் கொத்த வெச்சிருக்கறா கண்ணு. ஏன்னு கேட்டாச் சிரிக்கறா. என்னமோ இருக்குது" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

துக்கத்துக்குப் போன அன்று கால் தானாகப் பின்கட்டுக்குப் போனது. அக்காவின் கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு பாதை மட்டும் சொரசொரப்பாகக் கொத்தியிருந்தது. மற்ற இடமெல்லாம் பளபளப்பு. மருமகள் அழுதுகொண்டே வந்து நின்றாள். "அத்தைக்கு முட்டி முடியலைங்க. சொன்னா ஒத்துக்கவே மாட்டாங்க. அதான் ஒண்ணுஞ் சொல்லாமக் கொத்த வெச்சேன்."

எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுவரை நடந்து பார்க்கிற பழக்கம் அக்கா கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, ஓமலூரில் ஒரே பார்வையில் கண்டுபிடித்தீர்களே, உங்கள் வீட்டில் தினமும் அதே மாதிரித் தரைமேல் நடந்தும் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே.