எழிலரசியுடையதைவிட ஓர் அங்குலம் பெரியது

முதுநகரில் ஏறுகிறவர்களுக்குச் சிதம்பரம் பேருந்தில் உட்கார இடம் கிடைக்காது. கடலூர் பேருந்து நிலையத்திலேயே வண்டி நிரம்பிவிடும். பதினோரு வருடமாக அந்த வழியில் போய்வரும் சந்திரலேகாவுக்கு அதில் புகார் இல்லை. எல்லோரும் நிற்கிறார்கள், அவளும் நிற்கிறாள். 2010 ஆவணியில் ஒரு திங்கட்கிழமைதான் அந்த நியாயம் உடைந்தது. முதுநகர் தாண்டி, குடிகாட்டில் எழிலரசி ஏறினாள். தோளில் கறுப்புப் பை.

"யோவ், ஒதுங்குய்யா. பாப்பா லேப்டாப் வச்சிருக்கு, இடிச்சி ஒடைச்சிப்புடாத" என்றார் நடத்துனர். ஒருவர் எழுந்தே விட்டார்.

எழிலரசி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அக்கா! நிக்கிறீங்களே. பைய குடுங்க, நான் வச்சிக்கறேன்."

சந்திரலேகாவின் பையில் சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருந்தன. "வேணாம், கனமில்ல" என்றாள். புதுச்சத்திரம் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பையைத்தான் பார்த்தாள்.

சந்திரலேகாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். சிதம்பரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் 'ஜாப் டைப்பிங்' என்று பலகை மாட்டி, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்வு மாணவர்களின் தீசிஸ், கல்யாண ஜாதகம், மனு, பட்டாவுக்கான விண்ணப்பம் எல்லாம் வரும். எழிலரசி பதினெட்டு வயதில் அங்கே தமிழ் டைப்பிங் கற்றுக்கொள்ள வந்தவள். கற்று முடித்து நான்கு வருடம் அங்கேயே வேலை பார்த்தாள். பிறகு ஒருநாள், "அக்கா, நான் சொந்தமா பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடை எதுவும் போடவில்லை. ஒரு லேப்டாப் வாங்கினாள். ஹாஸ்டலுக்கும் வாத்தியார்கள் வீட்டுக்கும் நேரிலேயே போய் அடித்துக் கொடுத்தாள்.

அதுவரைகூடச் சந்திரலேகா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது தில்லைநாதன் விஷயத்தில்.

தில்லைநாதன் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். கை நடுக்கம் இருப்பதால் எழுத மாட்டார், சொல்லுவார். எட்டு வருடமாகச் சந்திரலேகாவின் கடைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகச் சொல்லிக்கொண்டே போவார். அவள் அடித்துக்கொண்டே போவாள். இப்போது 'கடலூர்க் கரைக்கு வந்த கப்பல்கள்' என்று இரண்டு பாகத்தில் பெரிய புத்தகம் எழுத இறங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து முழங்காலில் ஆபரேஷன். வீட்டுப் படி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டுச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள் சந்திரலேகா. கூடத்தில் எழிலரசி உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். பக்கத்து ஸ்டூலில் காபி, அதுவும் அந்த வீட்டு வெள்ளி டம்ளரில். எட்டு வருடத்தில் பேராசிரியரின் மனைவி சௌந்தரம் அந்த டம்ளரைச் சந்திரலேகாவிடம் நீட்டியதில்லை.

"நீ தப்பா நெனைக்காத" என்றார் தில்லைநாதன். "நான் வர முடியாது. நீ கம்ப்யூட்டர தூக்கிக்கிட்டு வர முடியுமா?"

"வருவேன் சார்."

"எதுல? மாட்டு வண்டியிலயா?"

எழிலரசி சிரிக்கவில்லை. அதுதான் சந்திரலேகாவுக்கு ஜாஸ்தி எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் கலியமூர்த்தியோடு பாண்டிச்சேரிக்குப் போனாள். கலியமூர்த்தி துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். கடைக்காரர் பதினான்கு அங்குலத் திரையில் நாலைந்து மாடல்களை எடுத்து வைத்தார்.

"இத விடப் பெருசு காட்டுங்க. பதினஞ்சு."

"கண்ணுக்காகவா?" என்றார் கலியமூர்த்தி.

"கண்ணுக்காகத்தான்."

"யார் கண்ணுக்குன்னு நான் கேக்கல."

எதைச் சுமந்து நடந்தாலும் வலிக்காத தோள் அவளுக்கு. புது லேப்டாப் பை இரண்டு நாளில் வலிக்க வைத்தது. மூன்றாம் நாள் காலை, முதுநகரில் பையோடு ஏறி, நடத்துனர் கண்ணில் படும்படி நின்றாள். வேறு நடத்துனர். "எம்மா, அந்தப் பைய கீழ வையிம்மா. ஒரு ஆளு நிக்கற எடம்" என்றார்.

லேப்டாப்பைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "சூப்பரா இருக்கு" என்றே சொன்னாள். உள்ளுக்குள் வேறு கதை ஓடியது. விசைகள் தட்டை. அழுத்தினால் விரலுக்குத் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை. எழுத்து விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு வரிக்கும் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. டைப்ரைட்டிங் படித்தவளுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. உள்ளங்கை கீழே இருந்த வழவழப்பான சதுரத்தில் பட்டால் கர்சர் எகிறி, முந்தின பாராவில் போய் உட்காரும். மடியில் வைத்து அரை மணி நேரம் அடித்தால் தொடை சுட்டது. பேட்டரி மூன்று மணி நேரம் வரும் என்றார்கள், இரண்டுக்கே மூச்சு வாங்கியது.

ஒரே ஒரு சந்தோஷம் உண்டு. கரண்ட் போகும்போது சந்தில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களும் விசிறியோடு வெளியே வந்து நிற்பார்கள். சந்திரலேகாவின் கடையில் மட்டும் திரை வெளிச்சமாக இருக்கும். அந்த நேரத்தில் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைப்பாள்.

விசைத் தொல்லைக்கு வழி கண்டுபிடித்தாள். கடைக் கம்ப்யூட்டரின் பழைய கீபோர்டு இருந்தது. வாங்கும்போது வெள்ளை, இப்போது மோர்க்குழம்பு நிறம். விசைகள் உயரமாக, ஒவ்வொன்றும் டக் டக்கென்று பேசும். அதன் முனை குண்டாக இருந்ததால் லேப்டாப்பில் நுழையவில்லை. முதுநகரில் கம்ப்யூட்டர் உதிரி பாகம் விற்கும் ராஜாமணியிடம் போய், குண்டு முனையைச் சப்பை முனையாக்கும் ஒயர் ஒன்று வாங்கினாள்.

"இந்த மாதிரி கீபோர்ட இப்ப யாருக்கா கேக்கறா?" என்றான் ராஜாமணி. "பழைய ஸ்டாக் மூணு, பரண் மேல தூங்குது."

கடையில் தனியாக இருக்கும்போது அந்தக் கீபோர்டைச் செருகித்தான் அடித்தாள். வெளியே கொண்டுபோகவில்லை. லேப்டாப் வாங்கி அதற்கு வால் கட்டியிருக்கிறாள் என்று எழிலரசி பார்த்துவிடக் கூடாது.

லேப்டாப்போடு பேராசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றபோது தில்லைநாதன் சிரித்தார். "வண்டி வந்துடுச்சா? சரி. காலையில எழிலு, சாயங்காலம் நீ. ஆயுத பூஜ வரைக்கும். விஜயதசமிக்கு ரெண்டாம் பாகம் ஆரம்பிக்கறேன். அத ஒருத்தர்தான் அடிக்கணும்."

"யாருன்னு எப்ப சொல்வீங்க சார்?"

"அன்னிக்குத்தான்."

இரண்டாம் பாகம் ஒரு வருட வேலை. அதைவிட, தில்லைநாதன் யாரிடம் அடிக்கக் கொடுக்கிறாரோ அவர்களிடம்தான் அவருடைய பழைய மாணவர்களும் தங்கள் மாணவர்களை அனுப்புவார்கள். சந்திரலேகாவின் கடை நின்றது அந்த வரிசையை நம்பித்தான்.

தினமும் சாயங்காலம் போனதும், எழிலரசி காலையில் அடித்த பக்கங்களை முதலில் எடுத்துப் பார்ப்பாள். இருபத்திரண்டு பக்கத்தில் ஒரே ஒரு பிழை கிடைத்தது. அதைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தாள். போதாதென்று இன்னொரு தடவை சுழித்தாள்.

அவளுடைய பக்கங்கள்தான் சரியாகப் போகவில்லை. தில்லைநாதன் ஒரு வாக்கியம் சொல்லுவார், நிறுத்துவார், "அடிச்சிட்டியா?" என்பார். "ஆச்சு சார்" என்பாள். "எங்க விட்டேன்?" என்பார். அடுத்த வாக்கியத்துக்கும் அதே கேள்வி. நாலு பக்கத்தோடு களைத்துப்போய்ப் படுத்துவிடுவார். எழிலரசியிடம் இந்தக் கேள்வியே வராது, தான் மெதுவாக அடிப்பதால்தான் வருகிறது என்று சந்திரலேகா தானாகவே முடிவு கட்டினாள். இரவில் புரண்டு புரண்டு படுத்தாள். "லேப்டாப் சரியில்லன்னா குடுத்துடலாமா?" என்று கலியமூர்த்தி கேட்டதற்கு, "அதுக்கென்னா, நல்லாத்தான் இருக்கு" என்று எரிந்து விழுந்தாள்.

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மெஷின்களைத் துடைத்தாள். வருடா வருடம் அவளுக்கு ஒரு முறை உண்டு. மானிட்டருக்கு ஒரு பொட்டு, பிரின்டருக்கு ஒன்று, மவுசுக்குச் சின்னதாக ஒன்று, கீபோர்டில் வரிசைக்கு ஒன்றாக மூன்று. இந்த வருடம் லேப்டாப் புதுசு. அதை நடுவில் திறந்து வைத்து, பன்னீர் ஊற்றிக் குழைத்த சந்தனத்தை மற்றவற்றைவிடத் தாராளமாகவே மூன்று வரிசைக்கும் இட்டாள். மேலே குங்குமம். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, சந்துக்கெல்லாம் பொரி கொடுத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது.

மூன்று மணிக்குச் சௌந்தரம் போன் செய்தார்.

"இன்னிக்கு வருவியாம்மா? ஐயா கேக்கறாரு."

"மெஷின் பூஜையில இருக்கேம்மா. எப்படித் தொடறது?"

பின்னாலிருந்து தில்லைநாதன் குரல் வந்தது. "புத்தகத்தத்தான் பூஜையில வச்சிருக்கேன். வாய வைக்கலன்னு சொல்லு!"

"வரலன்னா பரவால்ல" என்றார் சௌந்தரம். "எழிலு காலையிலேர்ந்து இங்கதான் இருக்கு. அவுங்க சர்ச்சுக்குப் போறவங்க, இந்தப் பூஜையெல்லாம் கெடையாது. சாயங்காலமும் நானே இருக்கேம்மான்னு சொல்லுது."

"வர்றேம்மா. இதோ வர்றேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தொட்டாள். சந்தனம் மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்ததில் மிச்சமும் விசை இடுக்குகளுக்குள் இறங்கியது. போட்டுப் பார்த்தாள். தமிழ் டைப்பிங்கில் முதல் பாடம் யளனக. ய வந்தது. ள வந்தது. ன வந்தது. க வரவில்லை. தட்டினாள், குத்தினாள், ஊதினாள். வரவில்லை. கடலூர்க் கரைக்கு வந்த கப்பல்கள் என்ற புத்தகத்தை அடிக்கப் போகிறாள், கையில் க இல்லை.

பக்கத்தில் பழைய கீபோர்டு மூன்று பொட்டோடு உட்கார்ந்திருந்தது. உயரமான விசைகள், சந்தனம் தலையிலேயே நின்றிருந்தது. துடைத்துவிட்டுச் செருகினாள். யளனக நான்கும் வந்தன.

மஞ்சள் பையில் அது பாதிதான் நுழைந்தது. மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பண்டிகை வீதிக் கூட்டத்தில் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு நடந்தாள்.

எழிலரசி பார்த்ததும் கண்ணை அகலமாக்கினாள். "அக்கா, இது நம்ம கடை கீபோர்டுல்ல?"

"ஆமா. அதுக்கென்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

சந்திரலேகா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஒயரைச் செருகினாள். தில்லைநாதன் கண்ணை மூடி ஒரு வாக்கியம் சொன்னார். டக் டக் டக். அவர் அடுத்ததைச் சொன்னார். அதற்கடுத்தது. பரங்கிப்பேட்டைப் பக்கம் நங்கூரம் போட்ட கப்பலில் என்னென்ன சரக்கு இருந்தது என்று ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் சொன்னார். அரை மணி நேரம் போனது. ஒரு தடவைகூட 'அடிச்சிட்டியா' வரவில்லை.

சுண்டலோடு வந்த சௌந்தரம் கதவருகே நின்றுவிட்டார். "என்னா, இன்னிக்கு அந்தக் கேள்விய காணோம்? இத்தன நாளா ரெண்டு பேரு உசிரையும் அதக் கேட்டே எடுத்தீங்களே."

சந்திரலேகாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. ரெண்டு பேர் உசிரையுமா?

"சத்தம் கேக்குதில்ல" என்றார் தில்லைநாதன். "சத்தம் நின்னா நான் அடுத்தது சொல்றேன். இந்த மடிப்பொட்டியில ஒண்ணும் கேக்கல. செவுத்துகிட்ட பேசற மாதிரி இருந்துச்சி." கண்ணைத் திறந்தார். "சந்திரலேகா, நாளைக்கு ரெண்டாம் பாகம். நீ வா. அந்தத் தட்டற பலகையோட வா. அது இல்லாம வராத."

எழிலரசி சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்ததைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். சௌந்தரம் காபி கொண்டுவந்தார். வெள்ளி டம்ளர் சந்திரலேகாவின் கைக்கு வந்தது. காபியில் சர்க்கரை கம்மி. அவள் சொட்டு விடாமல் குடித்தாள்.

பண்டிகை நாள் என்பதால் பேருந்து காலியாக இருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி ஆலப்பாக்கம் தாண்டியது.

"அக்கா, அந்தக் கீபோர்டு இப்ப எங்க கெடைக்கும்?" என்றாள் எழிலரசி. "சாருக்காக இல்ல. எனக்கும் இந்தத் தட்டையில வெரலு வலிக்குது. நான் அதுலதானே படிச்சேன்."

சந்திரலேகா மடியில் இருந்த மஞ்சள் பையைச் சரி பண்ணிக்கொண்டாள். "இது பத்து வருஷத்துக்கு முன்னாடி வாங்குனது. அதெல்லாம் இப்ப வர்றதேயில்ல எழிலு."

"நானும் அப்பிடித்தான் நெனைச்சேன்" என்றாள் எழிலரசி. குடிகாட்டில் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து கையசைத்தாள். "வர்றேங்க்கா."

முதுநகரில் ராஜாமணி கடையில் வாழைக்கன்று கட்டி, விளக்கேற்றி, பொரி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூணு டப்பாவும் இருக்கா?"

"இன்னிக்கு யாவாரம் கெடையாதுக்கா. எல்லாம் பூஜையில இருக்கு."

"பரண் மேல தூசியில கெடக்கறதயுமா பூஜையில வச்சே?"

ராஜாமணி தலையைச் சொறிந்துகொண்டு ஏணியை இழுத்துப் போட்டான். ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தூசி அவள் புடவையில் கொட்டியது.

"ஒண்ணு போதுமில்லக்கா?"

சந்திரலேகா குடிகாட்டுப் பக்கம் போகும் சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"போதாது" என்றாள். "மூணையும் எறக்கு."