கால்படாத இடம்

அந்த ஆறடிக் கண்ணாடித் தொட்டி நோர்வூட்டைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறி வந்த விதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிறிய லொறி. பின்தட்டில் பழைய மெத்தை ஒன்றை விரித்து அதன்மேல் தொட்டியை வைத்து, நான்கு பக்கமும் போர்வைகளைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மச்சான் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு கையால் அதன் விளிம்பை அணைத்துப் பிடித்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதை முழுக்கக் குழிகள் என்பதால் லொறி மனிதர் நடக்கும் வேகத்தில்தான் வந்தது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். நீளமான பெட்டி, சுற்றிலும் துணி, பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். அவர்களில் வயதான ஒருத்தி தலைமேல் போட்டிருந்த சாக்கை இறக்கிவிட்டு, "யாரு வீட்டுக்குங்க பொட்டி?" என்று கேட்டாள். "நம்ம வீட்டுக்குத்தாங்க. மீனு விட" என்றார் மச்சான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. லொறி வளைவில் திரும்பும்வரை மரியாதையோடு நின்றாள்.

மச்சான் என் அக்காவின் கணவர். நோர்வூட் பஜாரில் போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மாலைதீவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை பார்த்தவர். அவருக்கு நீந்தத் தெரியாது. ஓய்வு நாட்களில் யாரிடமாவது நீருக்குள் பார்க்கும் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் மண்டியிட்டு, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாராம். முதுகு வெந்து தோல் உரியும்வரை பார்த்ததாகச் சொல்வார். "முழங்கா தண்ணியில ஒரு ஊரே இருக்கு மாப்ள" என்பார் என்னிடம். அங்கிருந்து வந்தவர்கள் செண்ட் போத்தலும் டீவியும் கொண்டுவந்தார்கள். அவர் கொண்டுவந்தது இந்த ஓர் ஆசையை.

முதல் தொட்டி மூன்றடி நீளம். லயத்து வரிசை வீட்டில் அவர்களுக்கிருந்த ஒரே அறையில் அக்காவின் தையல் மெஷின் இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. மெஷின் வெளித் திண்ணையான இஸ்தோப்புக்குப் போனது. கடல் நீரில் உயிர் வளர்ப்பது நன்னீரில் மீன் வளர்ப்பது போன்றதல்ல. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்றே விற்கிற உப்பை அளவாகக் கரைக்க வேண்டும். பம்பு ஓயாமல் நீரை அலைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கரையோரத்து வெப்பம் குறையாமல் இருக்க வேண்டும். சுவரில் கை வைத்தால் சில்லிடும் ஊரில் அது ஒரு வீம்பு. கொழும்பில் இதே பைத்தியம் பிடித்த சிலர் தங்கள் தொட்டிகளில் பெருகியதை வெட்டிக் கொடுத்த துண்டுகளை, சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மடியில் சுமந்து ரயிலில் கொண்டுவருவார். விரல்நுனி அளவு துண்டு, மாதக்கணக்கில் மெல்ல விரிந்து, மெத்தென்ற பவளமாகக் கல்லைப் போர்த்தும். சில காளான் போல இருக்கும், சில பச்சைப் புல் போல ஆடும். நடுவில் ஒரு கடல் சாமந்தி, அதற்குள் புகுந்து புரளும் ஆரஞ்சு நிற ஜோடி மீன், கல்லிடுக்கில் மீசை நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இறால்கள், கண்ணாடியில் ஊரும் சில நத்தைகள். பவளம், சாமந்தி என்றெல்லாம் அவர் பிரித்துச் சொல்வதில்லை. எல்லாமே அவருக்குப் பூ.

அக்காவுக்கு எல்லாமே கல். "கல்லுக்கு லைட்டு, மனுசனுக்கு இருட்டு" என்பாள், சமையல் மூலையில் பல்பு மங்கலாக எரிவதைக் காட்டி. நாடு முழுக்க மின்வெட்டு நடந்த வருடத்தில் மச்சான் முச்சக்கர வண்டி பற்றரி ஒன்றை இரவல் வாங்கிப் பம்பை ஓட்டினார். வெந்நீரைப் போத்தல்களில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்தினார். அதைப் பார்த்துக்கொண்டே அக்கா என்னிடம், "நான் புள்ள பெத்துக் கெடந்தப்பகூட எனக்கு ஒரு சொம்பு வெந்நி வச்சுக் குடுக்கலடா இந்த மனுசன்" என்றாள். மச்சான் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் ஒருநாளும் தொட்டியின் முன்னால் நின்று உள்ளே பார்த்ததில்லை. அந்த அறையில் அதைக் கடக்காமல் கதவுக்குப் போக முடியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கடந்துபோவாள். பிடிவாதமாகத் தொடங்கிய ஒன்று பழக்கமாகிவிட்டிருந்தது. அது மச்சானைத் தைத்தது என்று எனக்குத் தெரியும், அவர் சொன்னதில்லை.

பிறகு தோட்டத்து மக்களுக்கான வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் அளவு காணியும் தனி வீடும் வந்தன. முன்னறையில் ஆறடிச் சுவரொன்று முழுசாகக் கிடைத்தது. பெரிய தொட்டி எதற்கு என்று கேட்டபோது தண்ணீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நிதானம், சூடு சட்டென்று இறங்காது, ஒரு தப்பு நடந்தாலும் தாங்கும் என்று விளக்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் தொட்டி வருவதற்கு முன்பே தச்சரிடம் அதன் எதிரே போட ஒரு பெஞ்சு செய்யச் சொல்லியிருந்தார். அந்தப் பெஞ்சு இரண்டு பேருக்கு அளவானது. அவர் எதற்கு ஆசைப்பட்டார் என்பதை அந்த அளவே சொன்னது.

அவசரப்படவில்லை. குடிபோவதற்குப் பல வாரங்கள் முன்பே தொட்டியை நிரப்பி, வெறும் நீரை ஓடவிட்டு, பழைய தொட்டியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக மாற்றி, தண்ணீர் பழகிய பிறகே மீன்களை விட்டார். சுவர்ப் பூச்சின் வாடை போகும்வரை ஜன்னல்களைத் திறந்து வைத்தார். பால் காய்ச்சும் நாளில் சாம்பிராணிப் புகை முன்னறைக்கு வரக் கூடாதென்று தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் முன்கூட்டியே கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தார். அன்று காலை தொட்டி இருந்த நிலையை நான் நன்றாகப் பார்த்தேன். கடல் சாமந்தி தானாகவே நகர்ந்து முன்கண்ணாடிப் பக்கம் வந்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தது. லயத்து அறையில் அது ஒருநாளும் அப்படி விரிந்ததில்லை.

அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றை மட்டும். கும்பம் வைத்தது அக்காவின் கல்யாணச் சீராக அம்மா கொடுத்த செம்புக் குடத்தில். அதை அவள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, முந்தின நாளே தண்ணீர் நிரப்பி, மஞ்சள் கலந்து, எலுமிச்சம்பழங்களை அறுத்துப் போட்டு வைத்திருந்தாள். பால் பொங்கியது. பூசாரி மாவிலையால் அறைகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். முன்னறையில் தெளித்தபோது மச்சான் ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் தொட்டியை மூடிக்கொண்டார். சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். முடிந்ததும் பூசாரி குடத்தை அக்காவிடம் கொடுத்து, மிச்சத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்து ஊற்றச் சொன்னார். மற்ற வீடுகளில் அதற்கு ஒரு துளசிச் செடியாவது கிணறாவது இருக்கும். இங்கே வாசல் முழுக்க வெட்டிய செம்மண்ணும் மேசன்மாரின் பலகைகளும். பந்தியும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி வந்தாள்.

நேராகத் தொட்டியின் முன்னால் வந்து நின்றாள். விரிப்பை அவளே விலக்கினாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். முகத்தில் இருந்தது வியப்பா, புது வீட்டுக்காரியின் பெருமையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு மச்சானைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னாங்க, இதுலயே ஊத்திரவா? நம்ம வீட்டுல கால் படாத எடம் இதுதானே."

மச்சானின் வலது கை நெஞ்சு உயரத்துக்கு எழுந்து நின்றதைக் கண்டேன். அறையில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் இருந்தார்கள். கை கீழே இறங்கியது.

"ஊத்து" என்றார்.

அவள் நிதானமாக, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றினாள். மஞ்சள் புகை போலப் பரவி வெள்ளை மணலில் படிந்தது. எலுமிச்சை விதை ஒன்று சுழன்று சுழன்று மிதந்தது. சாமந்தி உடனே சுருங்கவில்லை. அதனால் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

முதலில் இறால்கள் செத்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. பச்சைப் புல் போன்ற பவளம் மூடிக்கொண்டது, பிறகு கூழானது. சாமந்தி வாயைத் திறந்தபடி ஒரு மூலையில் கிடந்தது. மஞ்சள் கறை போகவென்று அக்காவிடம் சொல்லிவிட்டு மச்சான் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். வந்து கேட்டவர்களிடம் இந்தக் குளிர் கடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, அழுகிய நீரை இருவரும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினோம். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"கொடத்துச் செம்பு, மாப்ள. எலுமிச்ச புளிப்புல கரஞ்சு எறங்கியிருக்கு. மீனு கொஞ்சம் தாங்கும். பூவுக்கெல்லாம் வெசம்."

தெரிந்துமா ஊற்றச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "இத்தன வருசத்துல உங்கக்கா அதுக்கு முன்னாடி வந்து நின்னது அன்னைக்குத்தான். ஊரு முன்னாடி கையத் தட்டிவிடச் சொல்றியா?" என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லிராத. சாமி தண்ணியால செத்துச்சுன்னு தெரிஞ்சா அவ இந்த வீட்டுலயே இருக்க மாட்டா."

நான் சொல்லவில்லை. பத்திரிகையில் நீண்ட காலம் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். மனிதர்கள் செய்ததைவிடச் செய்ததாகச் சொல்லிக்கொள்வது அதிகம் என்பதைப் பார்த்துச் சலித்தவன். சொல்லிக்கொள்ளாமல் ஒருவர் செய்த பெரிய காரியமாகவே அந்த "ஊத்து" என்ற சொல் எனக்குள் தங்கியிருந்தது. அதன் மறுபக்கத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. செம்பு கல்லுக்குள் ஏறிவிடும், கழுவினாலும் போகாது, சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். மறுபடி பூக்கள் வேண்டுமென்றால் கற்களையும் மணலையும் மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அத்தனையையும் எறிந்தால் ஏன் என்று அக்கா கேட்பாள். ஆகவே அவர் எறியவில்லை. வெறும் கற்களுக்கு நடுவே இரண்டு மீன்கள் மட்டும் சுற்றிவந்த அந்த ஆறடி நீரை, கடைசிவரை உப்பும் சூடும் குறையாமல் பார்த்துக்கொண்டார். அக்கா அன்றைக்குப் பிறகு அந்தத் தண்ணீரைத் தன்னுடையதாக நினைக்கத் தொடங்கியிருந்தாள். பின்னேரங்களில் பிளேன்டீ கோப்பையோடு வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்காருவாள். நான் போகும்போதெல்லாம் இருவரையும் அப்படித்தான் பார்த்தேன். அவர் வேண்டியது கிடைத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் கடையில் வேலையாக இருந்தபோது மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவருக்குப் பிறகு அக்காவே பார்த்துவந்த தொட்டியைப் போன மாதம் விற்றோம். பாதைக்கு இப்போது கார்ப்பட் தார் போட்டுவிட்டார்கள். வேன் வாசல்வரை வந்தது. வாங்க வந்தவர் கம்பளையில் மீன்கடை வைத்திருப்பவர், விஷயம் தெரிந்தவர். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு கற்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எப்பவாச்சும் செம்பு கலந்த மருந்து போட்டிருக்காங்களா? இத்தன காலத்துக்கு ஒரு புல்பூண்டுகூடப் புடிக்கலயே. செம்பு ஏறுன கல்லுன்னா எனக்கு வேணாங்க. கண்ணாடியும் மீனும் போதும்" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

வேன் போன பிறகு அவள் முன்னறைக்கு வந்தாள். கற்கள் சாக்கின்மேல் குவிந்து கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வைத்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டுட்டுத்தானே ஊத்துனேன்?"

"ஆமா."

"அவருக்குத் தெரியும்ல?"

நான் குனிந்து சாக்கின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்தேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலில் இருந்தது கோபம்.

"வேணாம்னு ஒரு வார்த்த. கொடத்தத் தூக்கிட்டுப் போயி கூரமேல ஊத்தியிருப்பேன். அதுக்கு என்னா வந்துச்சு? நான் என்னா அந்த மனுசன் வீட்டுக்கு வந்த விருந்தாளியாடா?"

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஆறடி நீளத்துக்குச் சுவர் மட்டும் ஈரம் ஊறி நிறம் மாறி இருந்தது.

"ஒவ்வொரு நாளும் கேப்பேன், பூவெல்லாம் திரும்ப எப்பங்க வரும்னு" என்றாள். "வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருடா."